நாக்கின் கீழ் ஏன் அந்தக் குளிசை?

கிராண்ட்பாஸிலிருந்து தேசிய வைத்தியசாலை கிளினிக்குக்குப் போய்வரும் இருதய நோயாளர் சிலரின் சட்டைப் பையில் ஒரு சின்னப் போத்தல் இருக்கும். உள்ளே கிளிசரைல் ட்ரைநைட்ரேட் குளிசை. நெஞ்சு இறுக்கினால் அதை விழுங்காமல் நாக்கின் கீழ் வைக்கச் சொல்வது ஏன்?

விழுங்கினால் மருந்து முதலில் ஈரலுக்குப் போகும். பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும். நாக்கின் கீழுள்ள மெல்லிய சவ்வோ அதை நேரே இரத்தத்தில் சேர்க்கும். உடலில் அது நைட்ரிக் ஒக்சைட்டாக மாறி இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். சில நிமிடங்களில் இதயத்தின் சுமை குறையும். நைட்ரிக் ஒக்சைட்டின் இந்தப் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். எனவே உட்கார்ந்தே வையுங்கள். 5 நிமிடத்தில் வலி தணியாவிட்டால் காத்திருக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.