விண்கல் எத்தனை வருஷம் 'வெயில்ல' நின்னுச்சு? கண்டுபிடிக்கும் கணக்கு இதுதான்!

திருநின்றவூர் ஸ்டேஷன் பக்கம் பைக்கை நிறுத்திட்டு, லோக்கல் ட்ரெயின் பிடிச்சு வேலைக்குப் போறவரா நீங்க? அப்போ இந்த மேட்டர் உங்களுக்கு ஈஸியா புரியும். நிழல் கிடைக்காமல் வெட்டவெளியில் நிற்கும் வண்டியின் சீட் கவரைப் பாருங்கள். வெளுத்துப்போய் வெடிச்சிருக்கும். வண்டியின் வயசை ஆர்.சி. புக் சொல்லிடும். ஆனால், அது எவ்வளவு காலம் வெயிலில் காய்ஞ்சதுன்னு சீட் கவர்தான் சொல்லும்.

விண்கல்லுக்கும் இப்படி ரெண்டு கணக்கு உண்டு. பெரும்பாலான விண்கற்களின் வயது சுமார் 456 கோடி ஆண்டுகள். அதில் பெரும்பகுதியை ஒரு பெரிய சிறுகோளுக்குள் புதைந்தபடியே கழிச்சிருக்கும். விண்வெளியில் பாயும் காஸ்மிக் கதிர்கள் பாறைக்குள் ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் போகாது. ஆக, உள்ளே இருக்கும்வரை அது ஷெட்டுக்குள் நிற்கிற வண்டி. ஏதோ ஒரு மோதலில் சிறுகோள் உடைந்து துண்டு வெளியே வந்ததும்தான் 'வெயில்' கணக்கு ஆரம்பிக்குது.

அந்தக் கதிர்கள் கல்லில் இருக்கும் மெக்னீசியம், சிலிக்கான் போன்ற அணுக்களை உடைக்கும். உடைந்த துண்டுகளில் ஒன்று நியான்-21 என்ற வாயு. இது சிதையாது, எங்கேயும் ஓடாது. உண்டியல் காசு மாதிரி சேர்ந்துக்கிட்டே இருக்கும். ஆய்வகத்தில் சின்னத் துணுக்கை உருக்கி, வெளிவரும் வாயுவை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளக்கிறார்கள். சாதாரண கல் வகை விண்கல்லில், ஒரு கிராமுக்கு 10 லட்சம் வருஷத்தில் சேரும் நியான்-21, ஒரு கன சென்டிமீட்டரில் 100 கோடியில் சுமார் 3 பங்குதான். இருப்பது 24 பங்கு என்றால்? 24-ஐ 3-ஆல் வகுங்க. 80 லட்சம் வருஷம்!

கேட்க சிம்பிள்தான். ஆனால், துணுக்கு கல்லின் மேற்புறத்தில் இருந்ததா, நடுவில் இருந்ததா என்பதைப் பொறுத்து நியான் சேரும் வேகம் மாறும். நியான்-22-க்கும் நியான்-21-க்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து அதைச் சரிசெய்கிறார்கள்.

கல் வகை விண்கற்கள் பெரும்பாலும் 10 கோடி வருஷத்துக்குள் வந்துவிடும். இரும்பு வகை கெட்டி. பல கோடி வருஷங்கள் தாக்குப்பிடிக்கும். 'எச்' என்ற கல் வகையில் ஏராளமானவை 70-80 லட்சம் வருஷத்தையே காட்டுகின்றன. அதாவது, அந்தச் சமயத்தில் ஒரு பெரிய மோதல் நடந்திருக்கு. சாட்சியே இல்லாத விபத்துக்குத் தேதி குறிக்கிற வேலை இது!

நம்ம ஊர் கதையும் இருக்கு. 2008 செப்டம்பர் 12-ம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி பகுதியில் விண்கற்கள் விழுந்தன. கிடைத்தவை மொத்தம் சுமார் 110 கிலோ. இந்த மாதிரிக் கற்களை அளப்பதில் இந்தியாவில் பெயர் பெற்றது, அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வகமான பி.ஆர்.எல். 1947-ல் விக்ரம் சாராபாய் தொடங்கியது. ஆரம்பமே காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிதான்.

நாட்றம்பள்ளி சம்பவம் ஞாபகம் இருக்கா? 2016 பிப்ரவரியில் ஒரு கல்லூரி வளாகத்தில் வெடித்ததில் பஸ் டிரைவர் ஒருவர் இறந்தார். விண்கல்தான் காரணம் என்று தமிழக அரசு அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள். ஓர் உயிர் போன விஷயம். இப்படி வாக்குவாதம் வரும்போது, கையில் இருக்கும் துண்டில் காஸ்மிக் கதிரின் தடயம் இருக்கா என்பதுதான் உறுதியான சோதனை. புதிதாக விழுந்த கல்லில் சோடியம்-22 இருக்கும். அது 2.6 வருஷத்தில் பாதியாகிவிடும். அலுமினியம்-26 பாதியாக 7 லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகும். ஜல்லிக்கல்லில் இதெல்லாம் இந்த அளவில் கிடைக்கவே கிடைக்காது.

'இரிடியம் கலந்த விண்கல், லட்சக்கணக்குல போகும்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால், "பி.ஆர்.எல். ரிப்போர்ட் இருக்கா ப்ரோ?" என்று கேட்டுப் பாருங்கள். ப்ளூ டிக் விழும், பதில் வராது.

நிஜமாகவே வானத்திலிருந்து கல் விழுந்ததைப் பார்த்தால், தண்ணியில் கழுவாதீங்க. காந்தம் வெச்சுப் பார்க்கிற ஆசையும் வேண்டாம், கல்லில் பதிந்திருக்கும் பழைய காந்தத் தடயம் அழிஞ்சிடும். இருக்கிற இடத்திலேயே போட்டோ எடுத்து, நேரத்தையும் லொகேஷனையும் குறிச்சுக்கிட்டு, சுத்தமான கவரில் போட்டு தாசில்தார் ஆபீஸுக்கோ, ஜி.எஸ்.ஐ. எனப்படும் இந்திய புவியியல் ஆய்வு மையத்துக்கோ தகவல் சொல்லுங்க. சீக்கிரம் சொல்லணும், சோடியம்-22 காத்திருக்காது.