ஜிம்மிக்கு மூன்று கால் போதுமா?

மூன்று காலில் ஓடும் தெருநாயை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஏதோ ஒரு வண்டியில் அடிபட்டுக் கால் போயிருக்கும். ஆனாலும் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தம் கேட்டால் போதும், மற்ற நாய்களை முந்திக்கொண்டு வந்து நிற்கும். "ஐயோ பாவம்" என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் தெருமுனையைத் தாண்டியிருக்கும்.

அதற்கு அது எப்படி முடிகிறது? இது ஒரு கேள்வி. நம் வீட்டு நாய், அதுவும் வயதான நாய், அதற்கு ஒரு காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் சரி என்பதா, வேண்டாம் என்பதா? இது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் இரண்டாவதன் பாரம் கொஞ்சம் குறையும்.

ஒரு வீட்டில் ஜிம்மி என்ற 10 வயது லாப்ரடார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எடை 30 கிலோ. சில வாரங்களாக இடது முன்காலை ஊன்றாமல் நொண்டுகிறது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே கெட்டியான வீக்கம். சுளுக்காக இருக்கும் என்று தாத்தா எண்ணெய் தடவிப் பார்த்தார், குறையவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு அங்கங்கே அரித்துப் போயிருக்கிறது, பக்கத்திலேயே புது எலும்பு தாறுமாறாக முளைத்திருக்கிறது. ஊசியால் கொஞ்சம் திசு எடுத்துச் சோதித்தபோது நோயின் பெயர் தெரிந்தது: ஆஸ்டியோசார்கோமா. எலும்புப் புற்றுநோய்.

நாய்களுக்கு எலும்பிலேயே தொடங்கும் புற்றுநோய்களில் 100க்கு 85 இந்த வகைதான். உயரமும் எடையும் அதிகமுள்ள கிரேட் டேன், ராட்வைலர், செயின்ட் பெர்னார்ட், கிரேஹவுண்ட் போன்ற இனங்களுக்கு அதிகம் வருகிறது. பொமரேனியன் போன்ற குட்டி நாய்களுக்கு அபூர்வம். பின்கால்களைவிட முன்கால்களில் அதிகம்.

இதே நோய் மனிதர்களுக்கும் வரும், அதுவும் பெரும்பாலும் பதின்ம வயதில், வேகமாக உயரம் வளரும் பருவத்தில். கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞருக்கு 1977இல் இந்த நோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு 18 வயது. 1980இல் அவர் செயற்கைக் காலுடன் 143 நாட்கள் ஓடினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக அப்படி அவர் ஓடிய தூரம் 5,373 கிலோமீட்டர். நாயின் நோயும் மனிதரின் நோயும் அவ்வளவு ஒத்திருப்பதால், அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் நாய்களின் காலை எடுக்காமல் நோயுற்ற எலும்பை மட்டும் மாற்றும் சிகிச்சையில் கற்றது, பின்னால் பிள்ளைகளின் கால்களைக் காப்பாற்றவும் உதவியது.

ஜிம்மியிடம் திரும்புவோம். எலும்பைச் சுற்றி மெல்லிய ஓர் உறை இருக்கிறது. அதில் நரம்பு நுனிகள் நிறைய. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் மேஜை இடித்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறதே, அது அந்த உறை செய்கிற வேலை. புற்று வளர வளர உள்ளிருந்து அந்த உறையை ராப்பகலாக நெட்டித் தள்ளுகிறது. அரித்துப்போன எலும்பு ஒருநாள் சும்மா நடக்கும்போதே முறியவும் முறியலாம். ஜிம்மி கத்தவில்லையே, வாலை ஆட்டுகிறதே என்று நினைக்காதீர்கள். நாய்கள் வலியை வெளியே காட்டிக்கொள்ளாதவை. காலை ஊன்றாமல் தூக்கி வைத்திருப்பதுதான் அவற்றின் அழுகை.

இன்னொன்றையும் கவனியுங்கள். காலைத் தூக்கியபடி நொண்டும் ஜிம்மி ஏற்கெனவே மூன்று கால் நாய்தான். நாலாவது கால் நடக்க உதவவில்லை. வலியை மட்டும் சுமந்துகொண்டு தொங்குகிறது.

இப்போது ஒரு தாள், ஸ்கேல், பென்சில் எடுத்து வாருங்கள். நீளம் 10 செ.மீ., அகலம் 6 செ.மீ. உள்ள ஒரு செவ்வகத்தைச் செங்குத்தாக வரையுங்கள். மேல் மூலைகள் இரண்டும் முன்கால்கள், கீழ் மூலைகள் இரண்டும் பின்கால்கள். தலையும் கழுத்தும் மார்பும் முன்பக்கம் இருப்பதால், நாயின் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்கால்களும் 40 சதவீதத்தைப் பின்கால்களும் தாங்குகின்றன. அப்படியானால் நாயின் ஈர்ப்பு மையம் செவ்வகத்தின் நட்டநடுவில் இருக்காது. கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கும். செவ்வகத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, அதில் கீழிருந்து 6 செ.மீ. உயரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் அந்த மையம். நிற்கிற கால்களை இணைத்தால் வரும் உருவத்துக்குள் இந்தப் புள்ளி இருந்தால் நாய் நிற்கும்; வெளியே போனால் சாயும்.

முதலில் இடது பின்காலை நீக்குங்கள். மிச்சமுள்ள மூன்று மூலைகளையும் இணைத்து முக்கோணம் வரையுங்கள். புள்ளி உள்ளேதான் இருக்கிறது, மயிரிழையில் தப்பியதுபோல. இனி பின்காலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இடது முன்காலை நீக்கி மறுபடி முக்கோணம் வரையுங்கள். புள்ளி வெளியே போய்விட்டது!

அப்படியென்றால் முன்கால் போன நாய் விழுந்துவிட வேண்டுமே? விழுவதில்லை. மிச்சமுள்ள முன்பாதத்தை மார்புக்கு நேர் கீழே, நடுவுக்கு நகர்த்தி வைத்துக்கொள்கிறது. உங்கள் படத்திலும் முன்காலை மேல் கோட்டின் நடுவில் வைத்து முக்கோணம் போட்டுப் பாருங்கள். புள்ளி சௌகரியமாக உள்ளே வந்து உட்காரும். இந்தக் கணக்கை ஜிம்மிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஜெர்மனியின் ஜெனா பல்கலைக்கழகத்தில் மூன்று கால் நாய்களை டிரெட்மில்லில் ஓடவிட்டு, உடம்பில் ஒட்டிய, ஒளியைப் பிரதிபலிக்கும் வில்லைகளை அகச்சிவப்புக் கேமராக்களால் படம்பிடித்தார்கள். பின்கால் இழந்தவை சுலபமாகச் சமாளித்தன. முன்கால் இழந்தவை நடையை அதிகம் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நம் தாள் சொன்னதும் அதுதான். ஒரு கால் பழுதானாலும் நடக்கும் ரோபோவைச் செய்ய இந்த விவரம் உதவும் என்பது அவர்கள் எண்ணம்.

ஒற்றை முன்கால் உள்ள நாய்க்கு ஓடுவதைவிட மெதுவாக நடப்பதுதான் கஷ்டம். அந்தக் காலை அடுத்த அடிக்குத் தூக்கும்போது முன்பக்கம் தாங்க வேறு கால் இல்லை. அதனால் அது தத்தித் தத்தி வேகமாகப் போய்விடும். "மெதுவாப் போ, மெதுவாப் போ" என்று கயிற்றை இழுத்துப் பிடிப்பது உதவியே அல்ல.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. நான்கு கால் ஜிம்மியின் ஒவ்வொரு முன்காலும் சுமார் 9 கிலோ சுமந்தது. பாதத்தின் விசையை அளக்கும் தட்டுகளின் மேல் நாய்களை நடக்கவிட்டுப் பார்த்ததில், முன்கால் ஒன்று போனால் மிச்சமுள்ள முன்கால் உடல் எடையில் கிட்டத்தட்ட 47 சதவீதத்தைத் தாங்குவது தெரிந்தது. ஜிம்மிக்கு அது 14 கிலோ. ஆகவே டாக்டர் கேட்கிற முதல் கேள்வி, மிச்சமிருக்கும் மூன்று கால்களும் நன்றாக இருக்கின்றனவா என்பதுதான். லாப்ரடார்களுக்கு முழங்கை மூட்டும் இடுப்பு மூட்டும் தேய்வது சகஜம். அவற்றையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். முதுகுத் தண்டில் கோளாறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வயது? லாப்ரடாரின் மரபணுவில் வயதாக ஆக ஏற்படும் வேதி மாற்றங்களை மனிதரோடு ஒப்பிட்டு, அமெரிக்காவின் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 2020இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நாய் வயதை ஏழால் பெருக்கும் பழைய கணக்கு தப்பு என்றார்கள். அவர்கள் முறைப்படி ஜிம்மி சுமார் 68 வயது மனிதருக்குச் சமம். 68 வயதுத் தாத்தாவுக்கு அறுவை சிகிச்சையே கூடாது என்று யாராவது சொல்வார்களா? இதயம், சிறுநீரகம், கல்லீரல் எப்படி இருக்கின்றன என்று பார்த்துத்தான் சொல்வார்கள். ஜிம்மிக்கும் ரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் அதற்காகத்தான்.

வயதைவிடப் பெரிய வில்லன் தொப்பை. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கால் நீக்கப்பட்ட 64 நாய்களின் வீட்டாரிடம் விசாரித்தார்கள். 100க்கு 78 பேர், தாங்கள் நினைத்ததைவிட நாய் நன்றாகத் தேறியது என்றார்கள். அறுவை சிகிச்சையின்போது எடை கூடுதலாக இருந்த நாய்கள்தான் பின்னால் அதிகம் சிரமப்பட்டன.

சிகிச்சையைப் பற்றிக் கொஞ்சம். உங்கள் கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் காறை எலும்பைத் தொட்டுப் பாருங்கள். உங்கள் கையை உடம்போடு எலும்பால் பிணைப்பது அது. நாய்க்கு அது பேருக்குத்தான் இருக்கிறது. அதன் முன்காலும் தோள்பட்டை எலும்பும் தசைகளால் மட்டுமே உடம்போடு ஒட்டியிருக்கின்றன. அதனால் முன்காலைத் தோள்பட்டையோடு சேர்த்து, எலும்பை அறுக்காமலே எடுத்துவிட முடியும். பாதிக் காலை ஏன் விட்டு வைப்பதில்லை என்று கேட்கலாம். விட்டால் நாய் அதை ஊன்றப் பார்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். நரம்பை வெட்டும் முன் அதில் மரப்பு மருந்தைச் செலுத்துவார்கள். விழித்தபின் வலி குறைவாக இருக்கும். பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாளில் எழுந்து நிற்கின்றன. 10 முதல் 14 நாட்களில் தையல் பிரிப்பார்கள்.

இனிச் சொல்ல மனம் வராத பகுதி. இந்தப் புற்று கண்டுபிடிக்கப்படும்போதே 100க்கு 90 நாய்களுக்கு மேல் நுரையீரலுக்கு அதன் செல்கள் போய்விட்டிருக்கும். எக்ஸ்ரேயில் தெரியாத அளவு சிறியதாக. காலை மட்டும் எடுத்தால் பாதி நாய்கள் நான்கைந்து மாதங்களுக்குள் இறந்துவிடுகின்றன. கூடவே கீமோ மருந்தும் கொடுத்தால் அது பத்து மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை நீள்கிறது. ஆயுளைக் கூட்டுவது கீமோ. காலை எடுப்பது வலியை எடுப்பதற்காக. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் முடிவு தப்பாகும்.

என்னைக் கேட்டால், மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்து, மற்ற மூன்று கால்களும் இதயமும் நன்றாக இருந்தால் ஜிம்மியின் காலை எடுத்துவிடலாம். காலில்லாமல் பார்க்கச் சகிக்காதே என்பது நம் கவலை. ஜிம்மி கண்ணாடி பார்ப்பதில்லை. நுரையீரலில் கட்டிகள் தெரிந்தாலோ, மற்ற கால்களே தள்ளாடினாலோ வேண்டாம் என்பதுதான் சரி. வலி மாத்திரை இருக்கிறது, சில இடங்களில் கதிர்வீச்சும் உண்டு, எதுவும் பலிக்காதபோது வலியில்லாமல் உறங்க வைக்கும் ஊசியும் உண்டு. செலவும் ஒரு காரணம்தான். அப்பா அம்மா பணத்தைப் பற்றிப் பேசினால் அவர்களுக்கு ஜிம்மி மேல் அன்பில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஆலிஸ் விலலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஒரு மதிப்பெண் பட்டியல் தயாரித்திருக்கிறார். வலியில்லாமை, பசி, தண்ணீர் குடிப்பது, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் 70க்கு 35க்கு மேல் வந்தால் நாயின் வாழ்க்கை பரவாயில்லை என்று அர்த்தம். நாயோடு அதிக நேரம் இருப்பது நீங்கள்தான். வாரம் ஒருமுறை போட்டுப் பாருங்கள். டாக்டருக்கும் அது உதவும்.

வீட்டில் டைல்ஸ் தரை என்றால் ஜிம்மி நடக்கும் வழியில் சாக்கையோ தேங்காய்நார் மிதியடியையோ விரித்து வையுங்கள். தட்டிலிருந்து முறுக்கும் அப்பளமும் ரகசியமாகப் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். நாய் இரண்டு வாரத்துக்கு மேல் நொண்டினால் சுளுக்கு என்று விட்டுவிடாமல் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லிப் பெரியவர்களை நச்சரியுங்கள். அதுவரை வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலோ இபுபுரூஃபனோ பாதி மாத்திரைகூடக் கொடுக்க வேண்டாம். நமக்கு வலி போக்கும் அந்த மருந்துகள் நாய்க்கு விஷமாகலாம்.