தகவல் துளி: தோண்டாமல் பார்க்கும் கண்

திருப்பதிக்கு அருகே, முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் குடிமல்லம். அங்குள்ள பரசுராமேசுவரர் கோயிலின் கருவறை, பின்புறம் அரைவட்டமாக வளைந்த தூங்கானை மாட வடிவம். தரைமட்டத்துக்குக் கீழே, சுமார் 5 அடி உயர லிங்கம். அதில் புடைப்புச் சிற்பமாகச் சிவன்: வலக்கையில் ஆடு, இடத்தோளில் மழு. நாட்டின் மிகப் பழைய லிங்கங்களுள் இது ஒன்று. 1973-இல் நடந்த அகழாய்வில், இன்றைய கோயிலுக்கு முந்தைய செங்கல் கட்டுமானமும் தெரியவந்தது.

ஆனால் இப்படி அகழாய்வில் ஒருமுறை தோண்டிய மண்ணடுக்கை மறுபடி தோண்ட முடியாது. அதற்குத்தான் டிஜிட்டல் பதிவு. பல கோணங்களில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் பொதுவான புள்ளிகளைக் கணினி பொருத்தி, முப்பரிமாண உருவம் தரும். லேசர் கருவி சுவரின் வளைவையும் விரிசலையும் மில்லிமீட்டர் அளவில் பதியும். தமிழ்நாட்டின் அகழாய்வுத் தளமான கீழடியில், தோண்டுவதற்கு முன்பே தரை ஊடுருவும் ரேடார் மண்ணுக்குள் பார்த்தது.