வரைபடத்தில் தொடங்கும் நடைபாதை

ஜொகூர் பாருவின் பழைய நகரப் பகுதியில் மழை நாளிலும் ஓரளவு நனையாமல் நடக்கலாம். ஜாலான் இப்ராஹிம், ஜாலான் தன் ஹியோக் நீ, ஜாலான் துருஸ் போன்ற தெருக்களில் கடைவீடுகளின் முன்புறம் கூரையிட்ட நடைவழி ஒன்று கடைக்குக் கடை தொடர்ந்து செல்கிறது. நம் பெரியவர்கள் அதை ‘அஞ்சடி’ என்பார்கள். மலாய்மொழியில் அது ‘காக்கி லீமா’. ஐந்து அடி அகலம் என்பதே இரண்டு பெயர்களும் சுட்டும் பொருள். 1822-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நகரைத் திட்டமிட்ட ராஃபிள்ஸ், ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் பொதுமக்கள் நடப்பதற்குக் கூரையுடன் தொடர்ச்சியான வழி விடப்பட வேண்டும் என விதித்தார். அவ்வழக்கம் தீபகற்பத்தின் நகரங்களுக்கும் பரவியது. கட்டடம் எழும்புவதற்கு முன்பே விதி இருந்தது; ஆகவே, நடப்பவருக்கு இடமும் கிடைத்தது. இன்று அந்த அஞ்சடியில் மோட்டார் சைக்கிளும் விற்பனைப் பொருள்களும் வழியை மறிப்பது வேறு கதை. அதைத் தடுக்க 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இருக்கிறது.

நகரம் ஸ்கூடாய், தெப்ராவ், மாசாய், பாசிர் கூடாங் என வெளிநோக்கி விரிந்தபோது இத்தகைய விதி அதனுடன் சேர்ந்து செல்லவில்லை. புதிய தாமான்கள் மோட்டார் வண்டியை எண்ணியே அமைந்தன. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆயினும், நடுவில் ஆறு தடச் சாலையோ மூடப்படாத பெரிய கால்வாயோ குறுக்கிடுவதால் பெற்றோர் பிள்ளைகளைக் காரில் ஏற்றிச் செல்கிறார்கள். பள்ளி வாயிலில் கார்கள் பெருகப் பெருக, நடந்து வரும் மற்ற பிள்ளைகளுக்கு அந்த இடம் மேலும் ஆபத்தாகிறது. அதைக் கண்டு இன்னும் சில பெற்றோர் காரை எடுக்கிறார்கள்.

ஆறு தடச் சாலையைக் கடப்பது எளிதன்று. ஒரு தடம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் அகலம் என்றால் மொத்தம் 21 மீட்டர். நல்ல உடல்நலமுள்ளவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடந்தால் அதைக் கடக்க 17 அல்லது 18 விநாடி ஆகும். கைத்தடி ஊன்றிச் செல்லும் பாட்டிக்கு 25 விநாடிக்கு மேல் வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடுகிறது. நடைமேம்பாலம் கட்டினால் போதாதா எனச் சிலர் கேட்பர். அதில் நாற்பது படிகள் அளவுக்கு ஏறி, அதே அளவு இறங்க வேண்டும். சக்கர நாற்காலியில் செல்பவரும் மிதிவண்டி ஓட்டுபவரும் அதைப் பயன்படுத்த இயலாது. விரைவுச் சாலையின் மேல் அது தேவைப்படலாம்; பள்ளியின் முன்னே நடப்பவரை மேலே ஏற்றுவதைவிட வண்டியின் வேகத்தைக் குறைப்பதே முறை. 2020-ஆம் ஆண்டு உலக நாடுகள் கூடி வெளியிட்ட ஸ்டாக்ஹோம் பிரகடனமும், பாதசாரிகளும் மிதிவண்டிகளும் மோட்டார் வண்டிகளுடன் கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டரை உச்ச வேகமாக வைக்கப் பரிந்துரைத்தது.

அப்படியானால், நடைபாதையை யாரிடம் கேட்பது? மாநகர் மன்றத்திடம் என்பதே பலரும் உடனே சொல்லும் விடை. ஆனால், எல்லாச் சாலையும் மாநகர் மன்றத்துக்கு உரியதன்று. ஸ்கூடாய் நெடுஞ்சாலை நாட்டின் முதலாம் கூட்டரசுச் சாலையின் ஒரு பகுதி. தெப்ராவ் நெடுஞ்சாலை மூன்றாம் கூட்டரசுச் சாலையைச் சேர்ந்தது. இவை பொதுப்பணித் துறையின் பொறுப்பில் வருகின்றன. மாநிலச் சாலைகள் ஒரு வகை. தாமானுக்குள் செல்லும் ஊராட்சிச் சாலைகள் இன்னொரு வகை. ஒருவர் தம் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடக்கும் அரை கிலோமீட்டரில் மூன்று நிர்வாகங்களின் எல்லையைக் கடக்கலாம். நன்றாகப் போடப்பட்ட நடைபாதை ஒன்று திடீரெனப் புல்தரையில் முடிவதை நாம் பார்த்திருப்போம். பல வேளைகளில் அந்த இடத்தில் ஒரு நிர்வாகத்தின் எல்லை முடிந்து மற்றொன்றின் எல்லை தொடங்குகிறது. நடப்பவருக்கு அந்த எல்லை தெரியாது. சேறு மட்டுமே தெரியும்.

இந்த எல்லைகளைக் கடந்து ஒரு வட்டாரம் முழுவதையும் ஒரே தாளில் பார்க்கும் ஆவணம் ஒன்று உண்டு. அதுவே உள்ளூர்த் திட்டம். மலாய்மொழியில் இதனை ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’ என்பர். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது 172-ஆம் சட்டம், இதற்கு வழிசெய்கிறது. மாநிலம் முழுவதற்கும் பொதுவான திசையைக் காட்டுவது அமைப்புத் திட்டம். அதன்கீழ் ஒவ்வொரு வட்டாரத்திலும் எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிற்சாலைக்கு, எது பள்ளிக்கு, எந்தச் சாலை எங்கே என வரைபடமாகக் காட்டுவது உள்ளூர்த் திட்டம். மந்திரி பெசார் தலைமையிலான மாநிலத் திட்டமிடல் குழு அங்கீகரித்தபின் அது அரசிதழில் வெளியாகிறது. பிறகு, வீடமைப்பு நிறுவனங்கள் திட்டமிடல் அனுமதி கேட்டு வரும்போது அவற்றின் விண்ணப்பங்கள் அத்திட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். இன்று சிமெண்டு ஊற்றப்படும் நடைபாதை பல ஆண்டுகளுக்கு முன் அந்த வரைபடத்தில் ஒரு கோடாக இருந்திருக்கக்கூடும்.

கோடு இருந்தால் மட்டும் போதாது. அது எப்படிப்பட்ட கோடு என்பதும் முக்கியம். 2018-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் நகர மையத்தில் சாலையோரம் நீல வண்ணம் தீட்டி மிதிவண்டித் தடம் அமைத்தார்கள். வண்ணத்துக்கும் காருக்கும் இடையே தடுப்பு ஏதும் இல்லாத இடங்களில் விரைவிலேயே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அத்தடத்தில் நின்றன. வண்ணம் மலிவானது, அதனாலேயே அது பலரையும் கவர்கிறது. உயரமான கல்விளிம்போ கம்பமோ மரவரிசையோ இல்லையென்றால், பத்து வயதுப் பிள்ளையை நம்பி அனுப்பத்தக்க பாதையாக அது ஆகாது. அகலமும் அப்படித்தான். இரு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க 1.8 மீட்டர் வேண்டும். பழைய அஞ்சடியின் அகலமோ ஒன்றரை மீட்டர்தான்.

நம் வானிலைக்கும் திட்டத்தில் இடம் உண்டு. பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகை வடக்கே உள்ள ஜொகூர் பாருவில் நண்பகல் வெயிலில் நிழலின்றி நடக்க எவரும் விரும்பமாட்டார். நீரிணையின் அக்கரையில் சிங்கப்பூர் 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்படி, எம்.ஆர்.டி. நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை கூரையிட்ட நடைவழிகள் அமைக்கப்பட்டன. நிலையத்திலிருந்து பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் நனையாமல் செல்ல முடிகிறது. இது ஜொகூருக்கு நெருக்கமான பாடம். புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நோர்த்தையும் இணைக்கும் ஆர்.டி.எஸ். ரயில் ஒரு திசையில் மணிக்கு 10,000 பயணிகள் வரை ஏற்றிச் செல்லும் வகையில் வடிவமைக்கப்பட்டது. நிலையத்தை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு பயணியும் சிறிது தூரமேனும் நடந்தாக வேண்டும். அவர்களுக்கான நிழல் வழிகள் இல்லாவிட்டால், ரயில் மிச்சப்படுத்தும் நேரத்தை நிலைய வாயிலின் நெரிசல் விழுங்கிவிடும்.

பாதுகாப்பான இடம் இல்லாததன் துயரத்தை ஜொகூர் பாரு நன்கறியும். 2017 பிப்ரவரி 18 அதிகாலை, ஜாலான் லிங்காரான் டாலாமில் மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளில் கூட்டமாகச் சென்ற பதின்ம வயதினர் மீது கார் ஒன்று மோதியதில் 8 பேர் உயிரிழந்தனர். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2023-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநரை விடுவித்தது. அந்தப் பிள்ளைகள் அந்நேரத்தில் ஏன் அங்கே இருந்தனர், பெற்றோர் எங்கே என்றெல்லாம் நாடே கேட்டது. பிரேக் இல்லாத மிதிவண்டியை எந்தப் பாதையும் பாதுகாப்பானதாக்கிவிடாது என்பது உண்மை. ஆனாலும், மிதிவண்டி ஓட்ட விரும்பும் பிள்ளைக்குப் பகலில் நகரம் ஒதுக்கிய இடம் எது என்ற கேள்வியும் அதே அளவுக்குக் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

நெதர்லாந்தில் அக்கேள்வியைப் பெற்றோரே கேட்டனர். 1971-ஆம் ஆண்டில் அங்கே ஏறத்தாழ 3,300 பேர் சாலை விபத்துகளில் இறந்தனர். அவர்களுள் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். ‘குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள்’ என்ற பெயரில் எழுந்த இயக்கம் தெருக்களை மறித்து நின்றது. இன்று நாம் படங்களில் காணும் மிதிவண்டிப் பாதைகள் பல அதற்குப் பின் வந்தவை. தமிழகத்தில் சென்னை மாநகராட்சி 2014-ஆம் ஆண்டில் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கெனத் தனிக் கொள்கையை ஏற்றது. தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019-ஆம் ஆண்டில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது.

நம் நாட்டில் தெருவை மறிக்காமலே கேட்க வழி இருக்கிறது. உள்ளூர்த் திட்டத்தின் வரைவு தயாரானதும் அதைப் பொதுமக்களின் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபங்களையும் கருத்துகளையும் அனுப்பக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும் என்று 172-ஆம் சட்டம் கூறுகிறது. ஆட்சேபம் தெரிவித்தவரின் கருத்தை நேரில் கேட்கும் விசாரணைக்கும் அதில் இடமுண்டு. அறிவிப்பு நாளிதழில் வரும். வரைவை ஊராட்சி மன்ற அலுவலகத்தில் பார்க்கலாம். இந்த நான்கு வாரத்தை நம்மில் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். பிறகு, கட்டி முடிந்த சாலையைப் பார்த்துக் குறைகூறுகிறோம்.

‘எங்கள் பகுதிக்கு நல்ல நடைபாதை வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் அதிகாரி அதை எந்தக் கோப்பில் சேர்ப்பார்? எந்தச் சாலை, எந்தச் சந்திப்பு முதல் எந்த வாயில் வரை, எத்தனை மீட்டர், இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று குறிப்பிட வேண்டும். பள்ளியின் புவியியல் கழகமோ சாரணர் குழுவோ இதற்கான தரவைத் தாங்களே திரட்டலாம். பள்ளி முடியும் மணியிலிருந்து அரை மணி நேரம், ஆசிரியர் ஒருவரின் துணையுடன், பாதுகாப்பான ஓர் இடத்தில் நின்று எண்ணினால் போதும். நடந்து செல்வோர் எத்தனை பேர், மிதிவண்டியில் செல்வோர் எத்தனை பேர், அவர்கள் எந்த இடத்தில் சாலையைக் கடக்கிறார்கள், கால்வாயின் மூடி எங்கே உடைந்திருக்கிறது என்பவற்றைத் தாளில் நான்கு பத்திகளாகக் குறிக்கலாம். மழை பெய்யும் ஒரு நாளும் வெயில் அடிக்கும் ஒரு நாளும் எண்ணினால் வேறுபாடு தெரியும். அந்தத் தாளை வரைபடத்துடன் இணைத்து, தாமான் குடியிருப்பாளர் சங்கத்தின் கடிதத்தோடு காலக்கெடுவுக்குள் அனுப்ப வேண்டும். சாலை கூட்டரசுக்கு உரியதாயின் பொதுப்பணித் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு படி அனுப்புவது நல்லது.