விளையாட்டுக் கணினியின் மின்வழங்கி

மின்வழங்கி என்பது வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தைக் கணினியின் உறுப்புகளுக்கு ஏற்ற குறைந்த மின்னழுத்த நேர்திசை மின்சாரமாக மாற்றித் தரும் வன்பொருள் ஆகும். கணினிக் கடைகளில் இது எஸ்எம்பிஎஸ் என்று அழைக்கப்படுகிறது. விளையாட்டுக்காகக் கணினி அமைப்பவர்கள் பலர் வரைகலை அட்டைக்கும் மையச் செயலகத்துக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டு, மீதியில் மின்வழங்கியை வாங்குகின்றனர். மின்வழங்கியால் விளையாட்டின் வேகம் கூடுவதில்லை. ஆனால் அதன் குறை மற்ற உறுப்புகளின் பழுதைப் போலத் தோன்றக்கூடியது. இதனால் நல்ல நிலையில் உள்ள வரைகலை அட்டையைப் பழுதானது என்று எண்ணி மாற்றிவிடுவதும் உண்டு.

செயல்படும் முறை

இன்றைய மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை இன்டெல் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் தரத்தின் வழிவந்த மின்வழங்கிகளைப் பயன்படுத்துகின்றன. இவை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் ஆகிய மின்னழுத்தங்களைத் தருகின்றன. மையச் செயலகமும் வரைகலை அட்டையும் தமக்கு வேண்டிய மின்சாரத்தை முக்கியமாக 12 வோல்ட் தடத்திலிருந்து பெறுகின்றன. எனவே விளையாட்டுக் கணினிக்கு இத்தடமே முதன்மையானது. இதில் 5 விழுக்காடு ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்படுகிறது. அதாவது மின்னழுத்தம் 11.4 வோல்ட்டுக்கும் 12.6 வோல்ட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும்.

வாட் அளவைக் கணித்தல்

தேவையான வாட் அளவைக் கணிக்க, மையச் செயலகம், வரைகலை அட்டை ஆகிய இரண்டின் உச்சத் தேவையைக் கூட்டி, மற்ற உறுப்புகளுக்காக 75 முதல் 100 வாட் வரை சேர்க்க வேண்டும். பின்னர் அத்தொகையின் மேல் கால்பங்கு முதல் அரைப்பங்கு வரை இடைவெளி விடுவது நல்லது.

இங்கு மையச் செயலகத்தின் அடிப்படை வாட் அளவை மட்டும் பார்த்தால் கணக்கு தவறிவிடும். எடுத்துக்காட்டாக, இன்டெல் கோர் ஐ9-13900கே செயலகத்தின் அடிப்படை அளவு 125 வாட். அதன் உச்ச அளவு 253 வாட். வரைகலை அட்டைகளைப் பொறுத்தவரை, 170 வாட் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 அட்டைக்கு 550 வாட் மின்வழங்கியும், 450 வாட் கொண்ட ஆர்டிஎக்ஸ் 4090 அட்டைக்கு 850 வாட் மின்வழங்கியும் என்விடியா நிறுவனத்தால் பரிந்துரைக்கப்படுகின்றன.

இந்த இடைவெளி தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. விளையாட்டில் ஒரு காட்சி சட்டென மாறும்போது வரைகலை அட்டை மிகக் குறுகிய நேரத்துக்குத் தன் வழக்கமான அளவைவிட அதிக மின்சாரத்தை இழுக்கிறது. சராசரித் தேவைக்கு மட்டும் போதுமான மின்வழங்கி, இத்தகைய நொடிப்பொழுது உச்சத்தில் தன் பாதுகாப்புச் சுற்றால் தானாக நின்றுவிடலாம். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம் இச்சிக்கலைக் கருத்தில் கொண்டு, இத்தகைய உச்சங்களைத் தாங்கும் திறனுக்கு அளவுகளை வகுத்தது.

பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணைவிட மின்வழங்கியின் பக்கவாட்டில் உள்ள அட்டவணையே நம்பத்தக்கது. அதில் 12 வோல்ட் தடத்துக்கு 25 ஆம்பியர் என்று இருந்தால், அத்தடம் தருவது 300 வாட் மட்டுமே. பெட்டியின் மேல் 500 என்று எழுதியிருந்தாலும் விளையாட்டுக்குப் பயன்படுவது அந்த 300 வாட்தான்.

80 பிளஸ் சான்று

2004இல் தொடங்கிய 80 பிளஸ் சான்று மின்வழங்கியின் செயல்திறனைக் குறிக்கிறது. 115 வோல்ட் சோதனையில் அடிப்படை நிலைக்கு 80 விழுக்காடும், தங்க நிலைக்கு பாதிச் சுமையில் 90 விழுக்காடும் தேவை. உறுப்புகளுக்கு 400 வாட் வேண்டுமானால், 80 விழுக்காட்டுத் திறன் கொண்டது சுவரிலிருந்து 500 வாட் எடுக்கும். 90 விழுக்காட்டுத் திறன் கொண்டது சுமார் 444 வாட் எடுக்கும். நாளொன்றுக்கு 4 மணி நேரம் விளையாடினால் மாதத்தில் ஏறக்குறைய 7 யூனிட் வேறுபாடு வரும். ஆனால் இச்சான்று மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. மின்னழுத்தத்தின் சீர்மை, பாதுகாப்புச் சுற்றுகளின் தரம் ஆகியவற்றுக்கு அது உறுதி அளிப்பதில்லை.

இணைப்பான்கள்

தாய்ப்பலகையில் உள்ள வரைகலை அட்டைப் பொருத்துவாய் 75 வாட் வரை தருகிறது. கூடுதலாக 6 முனை இணைப்பான் 75 வாட்டும், 8 முனை இணைப்பான் 150 வாட்டும் தருகின்றன. எனவே 75 வாட்டுக்கு மேல் தேவைப்படும் அட்டைக்குத் தனி இணைப்பு கட்டாயம். அலுவலகப் பயன்பாட்டுக்கு வந்த பழைய கணினிகள் சிலவற்றில் இந்த இணைப்பான்களே இருப்பதில்லை. சிலவற்றின் மின்வழங்கி தனி வடிவம் கொண்டிருப்பதால் ஏடிஎக்ஸ் மின்வழங்கியைப் பொருத்தவும் முடியாது. அவற்றில் அட்டை வாங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

600 வாட் வரை தரும் 12விஎச்பிடபிள்யூஆர் இணைப்பான் 2022இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஆர்டிஎக்ஸ் 4090 அட்டைகள் சிலவற்றில் இவ்விணைப்பான் உருகியது. முழுமையாகச் செருகப்படாதது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பின்னர் வந்த திருத்தப்பட்ட வடிவில், சரியாகச் செருகாவிட்டால் மின்சாரம் செல்லாதபடி உணர்முனைகள் குட்டையாக்கப்பட்டன.

கழற்றி மாட்டும் வடங்கள் கொண்ட மின்வழங்கிகளில் ஒன்றின் வடத்தை மற்றொன்றில் பயன்படுத்தக் கூடாது. செருகும் வாய் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். ஒரே ஒரு தவறான வடத்தால் வன்தட்டும் தாய்ப்பலகையும் எரிந்துபோக வாய்ப்புண்டு.

பழுதறிதல்

சாதாரண வேலைகளில் நன்றாக இயங்கி, விளையாட்டு தொடங்கியதும் எந்த அறிவிப்பும் இன்றி அணைந்துவிடுவதே மின்வழங்கிக் குறையின் முக்கிய அறிகுறி. நீலத்திரை தோன்றினால் நினைவகம் அல்லது இயக்கி மென்பொருளையும், திரையில் வண்ணக் கட்டங்கள் சிதறினால் வரைகலை அட்டையையும், வேகம் படிப்படியாகக் குறைந்தால் வெப்பத்தையும் முதலில் ஐயுற வேண்டும். விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் காணப்படும் 'கெர்னல்-பவர் 41' என்ற குறிப்பு, கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

சோதனையைச் செலவில்லாத படிகளிலிருந்து தொடங்கலாம்.

1. வெப்ப அளவைப் பார்த்தல். மிகையான வெப்பத்திலும் கணினி திடீரென அணையும்.

2. யுபிஎஸ் இன்றி, நிலத்தொடர்பு உள்ள சுவர் இணைப்பில் நேரடியாக இயக்கிப் பார்த்தல். 600 விஏ என்று விற்கப்படும் யுபிஎஸ்களில் பல 360 வாட் வரையே தாங்கும். விளையாட்டின்போது அந்த அளவு எளிதில் கடக்கப்படும்.

3. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு எல்லா வடங்களையும் கழற்றி, அழுத்தமாக மீண்டும் செருகுதல். வரைகலை அட்டையில் இரண்டு 8 முனை இணைப்புகள் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி வடம் தருதல்.

4. வரைகலை அட்டையின் மின்வரம்பை மென்பொருள் மூலம் குறைத்து விளையாடிப் பார்த்தல். வெப்பம் இயல்பாக இருந்து, வரம்பைக் குறைத்ததும் அணைவது நின்றால் மின்வழங்கி மீதான ஐயம் வலுப்படும்.

5. நன்றாக இயங்கும் வேறொரு மின்வழங்கியை, அதற்குரிய வடங்களுடன் இணைத்துப் பார்த்தல். மற்ற படிகளைவிட இதுவே தெளிவான விடை தரும்.

பன்மானியில் 12 வோல்ட் சரியாகக் காட்டினால் மட்டும் மின்வழங்கி நல்லது என்று முடிவு செய்ய இயலாது. மைக்ரோ வினாடிகளில் ஏற்படும் மின்னழுத்தச் சரிவைச் சாதாரண பன்மானியால் காண முடியாது.

பாதுகாப்பு

மின்வழங்கியின் உறையைத் திறக்கக் கூடாது. உள்ளே உள்ள பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். கருகிய மணமோ பொறியோ வந்த மின்வழங்கியை மீண்டும் இயக்கிச் சோதிக்காமல் மாற்றிவிடுவதே பாதுகாப்பானது. தரமான மின்வழங்கிகளுக்கு 5 முதல் 10 ஆண்டுகள் வரை உத்தரவாதம் கிடைக்கிறது. அக்காலத்தில் வரைகலை அட்டை ஓரிரு முறை மாறினாலும், போதிய இடைவெளியுடன் வாங்கிய மின்வழங்கி அடுத்த அட்டைக்கும் உதவும்.