இணைய ஏலத்தில் பழங்காசு: விலை, திருத்தம், பொய் விளக்கம்

பழங்காசின் மதிப்பைத் தீர்மானிப்பவை மூன்று: அந்த வகைக் காசு இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, விற்பனைக்கு வந்த காசு எந்த நிலையில் இருக்கிறது, அதை விரும்பிச் சேகரிப்பவர்கள் எத்தனை பேர். வயது இந்த மூன்றில் ஒன்றல்ல. ஆயிரம் ஆண்டுப் பழமையான செப்புக்காசு சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதும், நூறு ஆண்டுகூட ஆகாத வெள்ளி ரூபாய் அதைவிடப் பல மடங்கு விலை போவதும் இதனால்தான்.

நேரில் வாங்குபவர் காசைக் கையில் எடுத்து, எடை போட்டு, விளிம்பைத் தடவிப் பார்க்கிறார். இணைய ஏலத்தில் கேட்பவருக்குக் கிடைப்பது இரண்டு படங்களும் விற்பவர் எழுதிய நான்கு வரிகளும் மட்டுமே. அந்த இடைவெளியில்தான் ஏமாற்று நுழைகிறது. அது மூன்று வடிவங்களில் வருகிறது: சாதாரணக் காசுக்கு அநியாய விலை, மதிப்பை உயர்த்துவதற்காகத் திருத்தப்பட்ட காசு, ஒன்றை இன்னொன்றாகக் காட்டும் பொய் விளக்கம்.

வட்டாரத்தில் புழங்கிய காசுகள்

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட மயிலம் வட்டாரம், ஒரு காலத்தில் மூன்று ஆட்சிகளின் காசுகளும் புழங்கிய நிலம். ஆற்காட்டு நவாபின் பெயரால் வழங்கிய ரூபாய், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்த காசு, சென்னையில் ஆங்கிலக் கம்பெனி வெளியிட்ட காசு ஆகிய மூன்றும் இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் பெட்டிகளில் இருக்கக்கூடியவை. இணைய ஏலங்களில் அடிக்கடி தவறாக விவரிக்கப்படுபவையும் இவையே.

ஆற்காட்டு ரூபாயில் பாரசீக எழுத்தில் முகலாயப் பேரரசரின் பெயர் இருக்கும். அதை வைத்துச் சிலர் "முகலாயர் காலத்து அபூர்வ நாணயம்" என்று விற்கிறார்கள். சென்னையில் கம்பெனி அடித்த ஆற்காட்டு ரூபாய்களில், இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டும் பல பத்தாண்டுகள் மாறாமல் பொறிக்கப்பட்டன. ஆகவே காசில் உள்ள ஆண்டு அது அடிக்கப்பட்ட ஆண்டு என்று கொள்ள முடியாது. கம்பெனி ரூபாயில் தாமரை முத்திரையும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்த ரூபாயில் பிறை முத்திரையும் இருக்கும். அந்தச் சிறு குறியைக் காட்டாத படத்தை வைத்து விலை கேட்பது வீண்.

புதுச்சேரியின் 'துது' எனப்படும் செப்புக்காசில் ஒரு பக்கம் பிரெஞ்சு அரச மரபின் அல்லி மலரும், மறுபக்கம் தமிழ் எழுத்தில் ஊரின் பெயரும் இருக்கும். தமிழ் எழுத்தைக் கண்டதுமே அதைச் சோழர் காசு என்றோ நாயக்கர் காசு என்றோ எழுதிவிடும் விற்பனையாளர்கள் உண்டு. சோழர் காசிலும் இதே குழப்பம் நடக்கிறது. முதலாம் ராஜராஜன் வெளியிட்ட செப்புக்காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் மன்னன் பெயரும் உள்ளன. பொலன்னறுவையை ஆண்ட பராக்கிரமபாகு முதலிய இலங்கை மன்னர்கள் இதே அமைப்பைப் பின்பற்றித் தங்கள் பெயரில் காசு அடித்தார்கள். அந்த நாகரி எழுத்தைப் படிக்காமல் எல்லாவற்றையும் "ராஜராஜன் காசு" என்று விற்பது வழக்கமாகிவிட்டது. உண்மையான ராஜராஜன் செப்புக்காசும் பெரும் எண்ணிக்கையில் கிடைப்பதுதான். அதன் விலையும் அதற்கேற்பத்தான் இருக்க வேண்டும்.

பழசு எல்லாம் அபூர்வமல்ல

விக்டோரியா மகாராணியின் 1862 ரூபாய் ஏலங்களில் தவறாமல் தென்படும். ஆண்டைப் பார்த்து மலைப்பவர்கள் அறிய வேண்டியது, அந்த ஆண்டு எண்ணை மாற்றாமலே 1870களின் முற்பகுதி வரை ரூபாய் அடிக்கப்பட்டது என்பதை. 1840 என்று பொறித்த கம்பெனி ரூபாயும் அப்படியே. இரண்டும் ஏராளமாக மிஞ்சியிருக்கின்றன. 1862 ரூபாயில் சில சிறு புள்ளி வேறுபாடுகளுக்கு மட்டுமே சேகரிப்போர் கூடுதல் விலை தருகிறார்கள். மற்றவை சாதாரண வெள்ளி ரூபாய்கள்.

சென்னை மாகாணத்துக்கென்று இங்கிலாந்தில் அடிக்கப்பட்ட 1808ஆம் ஆண்டின் 10 காசு, 20 காசு செப்பு நாணயங்கள் இன்னொரு சான்று. அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையோர மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. பிற்காலத்தில் கடலடியிலிருந்து அந்தக் காசுகள் பெருமளவில் மீட்கப்பட்டன. கப்பல் கதை உண்மை, காசும் உண்மை. ஆனால் "உலகில் சிலவே உள்ளன" என்ற வரி மட்டும் பொய்.

அண்மைக் காலக் காசுகளில் இந்த ஏமாற்று இன்னும் வெளிப்படை. வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 5, 10 ரூபாய் நாணயங்கள் புழக்கத்துக்கென்றே வெளியிடப்பட்டவை. அவற்றுக்கு லட்சக்கணக்கில் விலை என்ற செய்தி ஆண்டுதோறும் கைபேசிகளில் சுற்றுகிறது. ஆண்டு எண்ணுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் அது அபூர்வக் காசு என்பார்கள். அந்த நட்சத்திரம் ஹைதராபாத் நாணயச்சாலையின் அடையாளம். மும்பைக்குச் சாய்சதுரம், நொய்டாவுக்கு வட்டப்புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை. எந்தச் சாலையில் அடித்தது என்பதைத்தான் அந்தக் குறி சொல்கிறது. எத்தனை அடித்தது என்பதை அல்ல.

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு நினைவான 1,000 ரூபாய் நாணயம், 2024 ஆகஸ்ட் 18இல் சென்னையில் வெளியிடப்பட்ட கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயம் போன்றவை புழக்கத்துக்கு வராத நினைவு வெளியீடுகள். இவற்றை அரசு நாணயச்சாலை அறிவித்த விலையில் நேரடியாக விற்கிறது. அந்த அறிவிப்பு விலை தெரியாதவரிடம்தான் இடைத்தரகர் பல மடங்கு கேட்கிறார்.

கை வைக்கப்பட்ட காசுகள்

ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939 வெள்ளி ரூபாய் உண்மையிலேயே அரிது. ஆகவே 1938 ரூபாயின் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்கும் வேலை நெடுங்காலமாக நடக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், திருத்திய எண்ணைச் சுற்றிய பரப்பு சுரண்டப்பட்டிருப்பதும், அந்த எண்ணின் உயரமும் வளைவும் மற்ற எண்களோடு ஒட்டாமலிருப்பதும் புலப்படும். அச்சு அழுத்தத்தில் எழுந்த எண், காசின் தளத்திலிருந்து ஒரே சீராக எழும்பி நிற்கும்.

தமிழ்நாட்டில் இன்னொரு வகைத் திருத்தம் கூடுதல். வெள்ளி ரூபாயையும் பொன் சவரனையும் காசுமாலையில் கோத்து அணிந்த வழக்கத்தால், ஏராளமான காசுகளில் வளையம் பற்றவைக்கப்பட்டது. பின்னாளில் அந்த வளையத்தை நீக்கி, அராவி, மெருகிட்டு முழுக்காசு போல விற்கிறார்கள். உச்சியில் விளிம்பின் வரிகள் சிறிது தூரம் மழுங்கியிருப்பதும், அங்கே நிறம் வேறுபடுவதும் இதற்கு அடையாளம். ஓட்டையை உலோகம் வைத்து அடைத்த காசில், ஒரு புறம் எழுத்தோ கோலமோ திடீரெனச் சிதையும். விளிம்பின் படம் இல்லாத விற்பனையில் இவை எதுவும் தெரியாது.

துலக்குவதும் திருத்தமே. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த செப்புக்காசு புதுக்காசு போல மின்னும். ஆனால் நூறாண்டில் படிந்த மேற்பரப்பு போய்விடும். போன பரப்பு திரும்பாது. விலையும் அதனோடு இறங்கும். பள்ளங்கள் உட்பட எல்லா இடமும் ஒரே மாதிரி பளபளக்கும் காசை "புழங்காத நிலை" என்று விவரித்தால் சந்தேகிக்க வேண்டும். புழங்காத காசில் ஒளி சுழன்று நகரும். தேய்த்த காசில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தெரியும்.

"பிழை அச்சு" என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பல, நாணயச்சாலையை விட்டு வந்தபின் சுத்தியலும் அரமும் உண்டாக்கிய சேதங்கள். தகடு வெட்டும்போது பிறை வடிவில் குறைந்துபோன உண்மையான காசில், வெட்டுக்கு நேர் எதிர்ப்புறத்தில் விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். கத்தரித்துச் செய்த போலியில் அது கூர்மையாகவே இருக்கும். இருபுறமும் ஒரே முகம் உள்ள காசு என்று வருபவற்றில் பெரும்பாலானவை இரண்டு காசுகளைக் கடைந்து ஒட்டியவை. விளிம்பின் உட்பக்கத்தில் மயிரிழை போன்ற இணைப்புக் கோடு அதைக் காட்டிக்கொடுக்கும்.

வரலாற்றில் இல்லாத காசுகள்

1616, 1717, 1818 என்ற ஆண்டுகளுடன், ஒரு பக்கம் "கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா" என்றும் மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ தாமரையோ பொறித்த செப்பு வில்லைகள் ஏலங்களில் ஓயாமல் வருகின்றன. கம்பெனி சென்னையில் அடித்த வராகன்களில் திருமால் உருவம் இருந்தது உண்மைதான். ஆனால் இந்த அரை அணாக்கள் எந்த நாணயச்சாலையிலும் அரசு ஆணைப்படி அடிக்கப்பட்டவை அல்ல. கம்பெனியின் ஒரே சீரான அணா நாணய முறை 1835இல்தான் தொடங்குகிறது. இவை வழிபாட்டுக்கென்றும் நினைவுப் பொருளாகவும் பிற்காலத்தில் செய்யப்பட்ட வில்லைகள். காசுக்குரிய மதிப்பு இவற்றுக்குக் கிடையாது.

இவற்றோடு சேர்ந்தே 'ரைஸ் புல்லிங்' மோசடியும் வருகிறது. அரிசியை இழுக்கும் காசுக்கு வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை என்று சொல்லித் தமிழ்நாட்டில் பலரின் சேமிப்பைப் பறித்திருக்கிறார்கள். எந்தச் செப்புக்காசும் அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்புத்தூள் பூசி, காசுக்குள்ளோ அடியிலோ காந்தத்தை மறைத்துக் காட்டும் வித்தை அது.

தராசு, காந்தம், தண்ணீர்

காசு வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டிய சோதனைகளுக்குப் பெரிய கருவிகள் வேண்டாம். 1835 முதல் 1939 வரையிலான அரசு வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம், விட்டம் ஏறக்குறைய 31 மில்லிமீட்டர். தேய்மானத்தால் எடை சற்றுக் குறையலாம், கூடாது. நகைக்கடைத் தராசில் 12 கிராமைத் தாண்டினாலோ, தேய்மானமே தெரியாத காசு 11 கிராமுக்குக் கீழே நின்றாலோ அது போலி.

வெள்ளியும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் 1947 ரூபாய் நிக்கலால் ஆனது. அது ஒட்ட வேண்டும். ஒட்டாத 1947 ரூபாயைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடர்த்திச் சோதனை இன்னும் உறுதியானது. தராசின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய காசை அடியில் படாமல் முழுதும் மூழ்கும்படி பிடிக்க வேண்டும். 11.66 கிராம் வெள்ளி ரூபாய்க்குத் தராசு சுமார் 1.13 கிராம் காட்டும். செம்பும் நிக்கலும் கலந்த போலி அதே எடையில் இருந்தால் 1.3 கிராமைத் தொடும்.

அச்சு முறையையும் பார்க்கலாம். அச்சில் அடித்த காசின் எழுத்தோரங்கள் கூர்மையாக இருக்கும். வார்ப்பில் எடுத்த போலியில் எழுத்துகள் மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும், விளிம்பைச் சுற்றி அச்சுப்பெட்டியின் இணைப்புக் கோடு ஓடும்.

படத்தையும் விலையையும் படிக்கும் முறை

ஏலத்தில் கை வைக்குமுன் இருபுறப் படம், விளிம்பின் படம், எடை, விட்டம் ஆகியவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே படம் வேறு விற்பனைகளிலும் இருக்கிறதா என்பதைப் படத் தேடல் மூலம் பார்த்துவிடலாம். விற்பவர் கேட்கும் விலை சந்தை விலையாகாது. ஏலம் முடிந்து உண்மையில் பணம் கொடுக்கப்பட்ட விலையே சந்தை விலை. மும்பையின் டோடிவாலா, பெங்களூருவின் மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய ஏலப் பட்டியல்களும் முடிந்த விலைகளும் ஒப்பிட உதவும். அறிவித்த விலைக்கு மேல் ஏலக் கட்டணமும் வரியும் சேரும் என்பதையும் முன்பே கணக்கிட வேண்டும்.

என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்கள் காசைச் சோதித்து, 1 முதல் 70 வரை தரமிட்டு, பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தருகின்றன. அந்தப் பேழைகளுக்கும் போலி உண்டு. சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் இட்டு, அங்கே வரும் விவரமும் படமும் கையிலுள்ள காசோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும். காசைத் திருப்பி அனுப்பும் உரிமை உண்டா என்பதும், தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொல்கிறார்களா என்பதும் விற்பவரின் நாணயத்தை அறிய உதவும்.

விற்பவர்களும் ஏமாறுகிறார்கள்

வாங்குபவர் மட்டுமே இரையாவதில்லை. பழைய காசைக் கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, பதிவுக் கட்டணம், வரி, அனுமதிச் சான்று என்று தவணை தவணையாகப் பணம் கறக்கும் கும்பல்கள் உள்ளன. 2021இல் பெங்களூருவில் 1947ஆம் ஆண்டு நாணயத்தை விற்க முயன்ற ஆசிரியை ஒருவர் இப்படி ஒரு லட்சம் ரூபாய் இழந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று, பழைய நோட்டு, நாணய விற்பனையில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, கட்டணமோ தரகோ தான் ஒருபோதும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்கு அறிவித்தது. காசை விற்பவர் பணம் பெற வேண்டியவர். முன்பணம் கட்டச் சொன்ன உடனேயே பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. நூறாண்டு கடந்த காசு, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்; அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நிலத்தைத் தோண்டும்போது கிடைக்கும் காசுப் புதையலை 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பணம் இழந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் புகார் போனால், பணம் கைமாறுவதற்கு முன் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்புண்டு. விற்பனைப் பக்கத்தின் படங்கள், உரையாடல்கள், பணம் அனுப்பிய சீட்டு ஆகியவற்றைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பழங்காசு சேகரிப்பு வரலாற்றைக் கையில் தொட்டுப் படிக்கும் அரிய கல்வி. அது சூதாட்டமாக மாறாமலிருக்க, விற்பவரின் சொல்லும் காசின் எடை, அளவு, விளிம்பு, முத்திரை ஆகியவையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இவற்றைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஏலம் கேட்காதீர்கள்.