காக்கா என்றால் யார்?

கல்முனைச் சந்தையில் நின்று "காக்கா" என்று கூப்பிட்டால் ஆட்கள்தான் திரும்பிப் பார்ப்பார்கள். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீளும் இலங்கையின் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் காக்கா என்றால் அண்ணன். கூடப் பிறந்த மூத்தவரும் காக்காதான், "காக்கா, கீரி என்ன வில?" என்று கேட்கும்போது மீன் விற்பவரும் காக்காதான். கொழும்புப் பக்கத்து முஸ்லிம்களிடம் இந்த இடத்தில் 'நானா' வரும். தமிழ்நாட்டிலிருந்து முதல் தடவையாக இங்கே வருபவருக்கோ காதில் விழுவது பறவையின் பெயர்.

அந்தச் சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு உலகைச் சுற்றி வந்தால் குழப்பம் இன்னும் கூடும். ஹிந்தியிலும் மராத்தியிலும் குஜராத்தியிலும் காக்கா என்பவர் சித்தப்பா. பஞ்சாபியில் அது சின்னப் பையன். ஈரானின் ஷீராஸ் நகரத்துப் பேச்சில் சகோதரன். ஆப்கானியர் பேசும் தாரி மொழியில் தந்தையின் சகோதரர். குர்திய மொழியில் மூத்த ஆணை மரியாதையாகக் கூப்பிடும் சொல். மலாயில் சற்றே மாறி 'கக்காக்' ஆகி, மலேசியாவில் அக்காவைக் குறிக்கிறது. ஸ்வீடனில் 'காக்கா' ஒரு தின்பண்டம். ஆங்கிலத்தின் 'கேக்' அந்த வடநாட்டுச் சொல்லின் வழிவந்ததுதான். நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்கு அது காட்டில் கத்தித் திரியும் ஒரு கிளி. பிரெஞ்சு, ஸ்பானிய, ஜெர்மன் தாய்மாரோ பிள்ளையின் அரைத்துணியை மாற்றும்போதுதான் இந்தச் சொல்லைச் சொல்வார்கள். எதற்காக என்று விளக்க வேண்டியதில்லை.

அண்ணன், சித்தப்பா, அக்கா, கிளி, கேக், மலம். ஒரே ஓசை எப்படி இத்தனை பேருக்கும் சொந்தமானது? மொழியியலாளர்கள் இதற்கு ஒரே ஒரு விடை சொல்வதில்லை. ஒரே ஓசை பல மொழிகளுக்குப் பல வழிகளில் வந்து சேரும். எந்த வழியாக வந்தது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பார்கள்.

முதல் வழி, காதில் கேட்டதைத் திரும்பச் சொல்வது. காகம் தன் பெயரைத் தானே கத்துகிறது. சமஸ்கிருதத்தில் காக, சிங்களத்தில் காக்கா, மலாயில் காகாக். மாவோரிக் கிளிக்கும் பெயர் அதன் குரலிலிருந்தே வந்தது. நியூசிலாந்துக்காரருக்கும் தமிழருக்கும் இதில் உறவு எதுவும் தேவையில்லை. இரண்டு பறவைகளும் கரகரத்த குரலில் கத்துகின்றன. இரண்டு மக்களுக்கும் காதிருக்கிறது.

இரண்டாவது வழி, பிள்ளைகளின் வாய். குழந்தை ஆறிலிருந்து பத்து மாதத்துக்குள் ஒரே அசையைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்குகிறது: பாபாபா, மாமாமா, தாதாதா. அதற்கு அப்போது பொருள் எதுவும் இல்லை. வாய்க்கும் நாக்குக்கும் அது பயிற்சி. ஆனால் பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் சும்மா விடுவதில்லை. "என்னைத்தான் கூப்பிடுகிறது" என்று ஆளாளுக்கு ஓர் ஓசையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அதனால்தான் மாமா, பாப்பா, தாத்தா, நானா, காக்கா எல்லாமே இரட்டை அசைச் சொற்களாகவும், எல்லாமே வீட்டு ஆட்களின் பெயர்களாகவும் இருக்கின்றன.

இதை முறையாக ஆராய்ந்தவர் ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ரோமன் யாக்கப்சன். 'மாமா', 'பாப்பா' ஆகிய சொற்கள் ஏன் உலகெங்கும் இருக்கின்றன என்ற அவருடைய கட்டுரை 1960இல் வெளிவந்தது. ஜோர்ஜ் மர்டொக் என்ற மானிடவியலாளர் பல நூறு மொழிகளிலிருந்து திரட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய், தந்தை சொற்களை அவர் எடுத்துக்கொண்டார். தாயைக் குறிக்கும் சொற்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ம, ந போன்ற மூக்கொலிகள் இருந்தன. தந்தைச் சொற்களில் அவை மிகக் குறைவு. பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்கிறது, ஓசை மூக்கு வழியாகத்தான் வர முடியும், ஆகவே அந்த முனகல் தாயோடு சேர்ந்துகொண்டது என்று அவர் விளக்கினார். இது விதி இல்லை, சாய்வுதான். ஜோர்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. அம்மாவுக்கு 'தேதா' என்று பெயர்.

'க' தொண்டைப் பக்கம் பிறக்கும் ஒலி. சில பிள்ளைகளுக்கு அது எளிதில் பிடிபடாது. மூன்று வயதுவரை 'க' வரவேண்டிய இடத்தில் 'த' சொல்லும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு கல்முனைப் பிள்ளை காக்காவைக் கூப்பிட்டால் 'தாத்தா' என்றுதான் வரும். இலங்கை முஸ்லிம்களிடையே அக்காவை ஊருக்கு ஊர் ராத்தா என்றும் தாத்தா என்றும் சொல்வார்கள். ஆக அண்ணன் ஒரு நொடியில் அக்காவாகிவிடுவார். அதே 'தாத்தா' சிங்களத்தில் அப்பா, தமிழ்நாட்டில் பாட்டன்.

பிரேசிலின் புகழ்பெற்ற உதைபந்தாட்ட வீரர் காக்காவின் கதையும் பிள்ளை வாயில் பிறந்ததுதான். அவருடைய சொந்தப் பெயர் ரிக்கார்தோ. சின்ன வயதில் தம்பிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. 'காக்கா' என்று கூப்பிட்டான். 2007இல் அவர் தங்கப்பந்து விருது வாங்கியபோது உலகம் முழுவதும் அந்தப் பெயரைத்தான் சொல்லிற்று. தம்பி அண்ணனைக் காக்கா என்று கூப்பிட்டதில் பிரேசிலும் கல்முனையும் ஒன்றுபட்டது முழுக்க முழுக்கத் தற்செயல்.

அந்தத் தற்செயலே மூன்றாவது வழி. நாம் நினைப்பதைவிட அது வலியது. ஒரு மொழியில் 15 மெய்யொலிகளும் 5 உயிரொலிகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே அசையை இரட்டித்து உண்டாக்கக்கூடிய வடிவங்கள் மொத்தம் 75தான். உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள் இருக்கின்றன. இவ்வளவு பேர் இவ்வளவு சிறிய பெட்டகத்திலிருந்து எடுத்தால், ஒரே வடிவம் பலர் கைக்கும் வந்தே தீரும். பொருளும் சில இடங்களில் ஒத்துப்போகும். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளில் ஒன்றான ம்பாபராமில் நாய்க்குப் பெயர் 'டொக்'. ஆங்கிலேயரிடம் கடன் வாங்கியதில்லை. 'குடக' என்ற பழைய சொல் அந்த மொழிக்கே உரிய ஒலிமாற்றங்களால் தேய்ந்து அப்படி ஆனது.

தேய்வு நம் பக்கத்திலும் வேலை செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் 'காக்காய் வலிப்பு' என்பதற்கும் பறவைக்கும் தொடர்பில்லை. 'கால் கை வலிப்பு' பேச்சில் உருண்டு அந்த வடிவத்துக்கு வந்தது. ஒருவரை நயந்து காரியம் சாதிப்பதைச் சொல்லும் 'காக்கா பிடித்தல்' என்பதையும் 'கால் கை பிடித்தல்' என்றே பலர் விளக்குவர்.

நான்காவது வழி, ஆட்களோடு சொல்லும் பயணம் போவது. அம்பாறைக் கரையில் அண்ணனைக் குறிக்கும் காக்கா, தென்தமிழ்நாட்டின் காயல்பட்டினத்திலும் இருக்கிறது. கேரளத்தின் மலபார் மாப்பிள்ளை முஸ்லிம்களிடமும் இருக்கிறது. ஒரே சமயத்தார், ஒரே கடல் வணிகம், பாய்மரக் காலத்திலிருந்து தொடரும் போக்குவரத்து, கொண்டான் கொடுத்தான் உறவு. இங்கே ஓசை மட்டும் ஒத்துப்போகவில்லை. பொருள், மரியாதை, பழக்கம் எல்லாம் சேர்ந்து ஒத்துப்போகின்றன. இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

அதே கடலின் மேற்கு முனைக்குப் போனால் ஒரு சோதனை காத்திருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் சுவாஹிலியில் 'காக்கா' சகோதரன், 'தாதா' சகோதரி. நம் காக்கா, தாத்தா ஜோடி அப்படியே! உடனே ஒரு கப்பல் கதையைக் கட்டிவிட மனம் துடிக்கும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். வங்காளத்தில் தாதா அண்ணன். போலந்தில் தாத்தா அப்பா. பிள்ளை வாய் எங்கும் தரக்கூடிய ஓசைகளுக்கு ஒரு ஜோடி ஒத்துப்போனது மட்டும் சாட்சியாகாது.

இத்தனை பொருள்களைச் சுமந்தும் சொல் ஏன் தடுக்கி விழவில்லை? சில நேரம் விழத்தான் செய்கிறது. பிரான்சின் மொழி வரைபடத்தைத் தயாரித்த சூல் சில்லியேரோன் தென்மேற்குப் பிரான்சில் ஒரு வேடிக்கையைக் கண்டார். காஸ்கோன் பேச்சில் சேவலைக் குறித்த பழைய லத்தீன் சொல் ஒலி மாறி 'காட்' ஆகியது. பூனைக்கும் பெயர் 'காட்'தான். வீட்டு முற்றத்தில் ஒன்று மற்றதைத் தின்னக்கூடிய இரண்டுக்கும் ஒரே பெயர்! மக்கள் சேவலின் பழைய பெயரைக் கைவிட்டு, அதைப் 'பாதிரியார்' என்றும் 'காட்டுக்கோழி' என்றும் பொருள்படும் சொற்களால் அழைக்கத் தொடங்கினார்கள்.

கல்முனையில் அந்தச் சிக்கல் எழவில்லை. இலங்கைத் தமிழில் பறவை பெரும்பாலும் 'காகம்' ஆகிவிட்டதால் காக்காவின் இடம் அண்ணனுக்காகக் காலியாக இருந்தது. மலபாரிலோ பறவையும் அண்ணனும் ஒரே சொல்லில் குடியிருக்கிறார்கள். அங்கும் யாரும் தடுமாறவில்லை. கூரையில் உட்கார்ந்திருப்பதிடம் யாரும் மீன் விலை கேட்பதில்லை.

சூழல் இப்படிக் கைகொடுப்பதால் மொழிகள் சின்னச் சொற்களை மீண்டும் மீண்டும் பயன்படுத்திக்கொள்கின்றன. அடிக்கடி வரும் சொற்களுக்கே பொருள்கள் அதிகம் என்பதை அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் ஸிஃப் 1940களில் காட்டினார். 2012இல் பியாந்தடோசியும் அவருடைய துணை ஆய்வாளர்களும் ஆங்கிலம், ஜெர்மன், டச்சு மொழிகளைக் கணக்கிட்டு, குட்டையான, சொல்ல எளிதான சொற்களே அதிகப் பொருள்களைச் சுமக்கின்றன என்று காட்டினார்கள். கேட்பவர் இடம் பார்த்துப் பொருளைப் பிடித்துக்கொள்வார். எனவே சொல்பவர் வாயை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. பல பொருள் இருப்பது மொழியின் குறையன்று, சிக்கனம். நன்னூல் ஓரெழுத்துச் சொற்கள் 42 என்று எண்ணிச் சொல்கிறது. அவற்றில் ஒன்றான 'மா'வை மட்டும் பாருங்கள்: மாமரம், குதிரை, விலங்கு, பெரிய, நில அளவு. கல்முனை அடுப்படியில் அதுவே பிட்டுக்குக் குழைக்கும் மாவும். பக்கத்துக் குர்ஆன் மதரசாவில் அரபு படிக்கும் பிள்ளைக்கு 'மா' என்றால் தண்ணீர். பிட்டுக் குழைக்க அந்த இரண்டுமே வேண்டும்.

அகராதிப் பொருளோடு சொல் முடிந்துவிடுவதும் இல்லை. கிழக்குக் கரையில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார், வீடு மகளுக்கு. தங்கைக்கு வீடு கட்டிக் கொடுக்கும் பாரம் பல குடும்பங்களில் மூத்த ஆண் பிள்ளையின் தோளிலும் விழும். இங்கே ஒரு தங்கை 'காக்கா' என்று சொல்லும்போது அந்தச் செங்கல்லும் சீமெந்தும் சேர்ந்தே சொல்லுக்குள் இருக்கின்றன. ஷீராஸிலோ மலேசியாவிலோ அந்தச் சுமை இல்லை.

ஓர் ஒற்றைச் சொல்லைக் காட்டி, இரண்டு மொழிகளும் ஒரு தாய் பிள்ளைகள் என்று நிறுவ முயல்பவர்கள் எப்போதும் உண்டு. கொரிய மொழியிலும் அம்மா 'ஓம்மா', அப்பா 'அப்பா' என்பதை வைத்துத் தமிழையும் கொரியனையும் உறவாக்கும் பேச்சு இன்று கொரிய நாடகம் பார்க்கும் வீடுகள் வரை வந்துவிட்டது. பிள்ளை வாயில் பிறந்த சொற்கள் இதற்குச் சாட்சி சொல்லத் தகுதியற்றவை. உறவை நிரூபிக்க ஒழுங்கு வேண்டும். தமிழில் பால், பல், பத்து, புலி. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹுலி. சொல்லின் முதலில் 'ப' வருமிடத்தில் 'ஹ' வருகிறது. தற்செயலுக்கு இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது.

இந்த அளவுகோலை அம்பாறை மாவட்டத்திலேயே வைத்துப் பார்க்கலாம். சிங்களத்தில் அக்கா அக்காதான், அம்மா அம்மாதான், மாமா மாமாதான். தங்கையைக் குறிக்கும் 'நங்கி' நம் நங்கைதான். ஆனால் எண்ணச் சொன்னால் எக்க, தெக்க, துன, ஹதர என்று ஹிந்தியின் ஏக், தோ, தீன், சார் பக்கம் போய்விடும். எண்கள் அந்த மொழியின் பிறப்பைச் சொல்கின்றன; உறவுச் சொற்கள் அது யாரோடு குடியிருந்தது என்று சொல்கின்றன.

கல்முனைக்கும், விபுலாநந்தர் பிறந்த காரைதீவுக்கும் இடையில் இதே கணக்கு வேறுவிதமாக வரும். இரண்டு ஊரிலும் ஒன்று, ரெண்டு, மூணு மாறாது, ஒரே தமிழ். வீட்டுக்குள் போனால் காரைதீவில் அம்மா, அப்பா, அண்ணன். கல்முனை முஸ்லிம் வீடுகளில் உம்மா, வாப்பா, காக்கா. உம்மாவுக்குள் அரபு 'உம்மு' கேட்கிறது, காக்காவுக்குள் காயலும் மலபாரும் கேட்கின்றன. தமிழ்நாட்டில் அதே 'உம்மா' முத்தம் என்பதை இந்த ஊர்ப் பிள்ளைகள் சினிமா பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள்.